மரவாள் ஏந்திய மாணாக்கர்

சென்ற வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து கல்முனைப் பிரதான வீதியில் சனநடமாட்டம் மீண்டும் தொடங்கிய வேளையில், எமது வீட்டுப் படலையைத் தட்டி நால்வர் வந்தனர். மூவர் எம்மிடம் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணாக்கர். இரு பையன்களும் ஒரு பெண்ணும். நான்காமவர் அப்பெண்ணின் தாயார். அவரை எமது மனைவியார் உள்ளே அழைத்துச் சென்று தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்க, பையன்கள் இருவரும் விறாந்தையில் அமர்ந்து, நாலாக மடித்த தாள் ஒன்றை எம்மிடம் நீட்டினர்.

"சேர், இந்த வருஷமும் விழா வைக்கப்போறம். நீங்கதான் சேர் பிரதம விருந்தினர்" என்றான் நிந்தவூர்ப் பையன். பின்னர் சிறிது தயங்கி, "ஆனா சேர், பேச்சு மட்டும் கொஞ்சம் சுருக்கமா..." என்று இழுத்தான். மற்றவன் அவனுடைய முழங்கையை இடித்தான்.

நேயர்கள் சிரிக்கலாம், தடையில்லை. சென்ற ஆண்டு இப்பிள்ளைகள் தம் முதல் விழாவை நடத்தியபோது நாம் பிரதம விருந்தினராகச் சென்று, மட்டக்களப்புக் கூத்து மரபைப் பற்றி நாற்பத்தைந்து நிமிடம் பேசினோம். எமக்கு முன் மூவர் பேசினர். பின் இருவர் பேசினர். வேடம் புனைந்து வந்த பிள்ளைகள் முகத்துச் சாயம் வியர்வையிற் கரைந்தொழுக, எப்போது இவர் இறங்குவார் என்று எம்மையே நோக்கியிருந்தனர். எனவே இவ்விழாவைச் செம்மையுறச் செய்வதற்கு நாம் கூறும் முதல் யோசனை எமக்கே எதிரானது: பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என்னும் வரிசையை அடியோடு நீக்கிவிடுக. பொன்னாடையும் வேண்டா. பொன்னாடைக்குச் செலவான பணத்தில் இரண்டு மின்விசிறி வாடகைக்கு எடுத்திருக்கலாம்.

இவ்விழா யாதென அறியாத நேயர்களுக்குச் சில சொற்கள். யப்பான் நாட்டிலே எடுக்கப்படும் சித்திரத் திரைப்படங்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் இக்காலப் பிள்ளைகள் 'அனிமே' என்பர். எம் வயதினர் 'பொம்மைப் படம்' என்று சொல்லி ஒதுக்கிவிடுவோம். அவை சிறு குழந்தைகளுக்கு மட்டும் உரியனவல்ல. ஒசாமு தெசுகா என்னும் ஓவியரின் 'அஸ்ட்ரோ போய்' தொடர் 1963 ஜனவரி முதலாந் திகதி யப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது முதல், அந்நாட்டார் காதல், போர், பசி, மரணம் யாவற்றையும் இக்கலையிலே சொல்லி வருகின்றனர். 2001இல் வெளிவந்த ஹயாவோ மியாசாக்கியின் 'ஸ்பிரிட்டட் அவே' ஒஸ்கார் பரிசும் பெற்றது. இத்தொடர்களின் இரசிகர்கள் ஓரிடத்திற் கூடி, தமக்கு விருப்பமான பாத்திரங்களைப் போல வேடமணிந்து, படம் பார்த்து, படம் வரைந்து, வினாவிடைப் போட்டி நடத்தி மகிழ்வதே இவ்விழா. வேடமணிதலுக்குக் 'கொஸ்பிளே' என்று பெயர்.

இதிலே என்ன பயன் என்று ஒரு தந்தையார் எம்மைக் கேட்டார். பயன் உண்டா இல்லையா என்பதைப் பிறகு பார்ப்போம். புதுமை ஒன்றுமில்லை என்பதை மட்டும் அவருக்குச் சொன்னோம். எமது ஊருக்கு அண்மையிலுள்ள பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்திலே, ஆண்டுதோறும் ஊரவரே பாண்டவராக வேடம் பூண்டு வனவாசம் செல்வதையும், அருச்சுனன் தவநிலைக்கு ஏறுவதையும், தீமிதிப்பு நாளிற் சனத்திரள் கூடுவதையும் இவ்வட்டாரத்தார் அறியாதவரல்லர். ஆலயத்திலே அது வழிபாடு. இங்கே இது விளையாட்டு. இரண்டையும் ஒன்றென்று நாம் கூறவில்லை. ஆனால் மனிதன் தான் கேட்ட கதையிலே தானும் ஒருவனாகிப் பார்க்க விரும்புவது இன்று நேற்று வந்த வழக்கமன்று.

உலகிற் பெரியனவாய் விளங்கும் இத்தகைய விழாக்கள் யாவும் சிறியனவாகவே தொடங்கின. அமெரிக்காவின் சன்டியேகோ நகரிலே 1970 ஆகஸ்டில் ஒரு ஹோட்டலிற் கூடியவர்கள் ஏறத்தாழ 300 பேர். தோக்கியோவில் 'கொமிக்கெட்' என்னும் சந்தை 1975 டிசம்பர் 21ஆந் திகதி தொடங்கியபோது 32 குழுவினர் மேசை போட்டனர். வந்தவர் சுமார் 700. 2019 கோடைகாலத்தில் அதே சந்தைக்கு நான்கு நாட்களில் 7 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். எம் நாட்டில் 2015ஆம் ஆண்டு கொழும்பிலே 'லங்கா கொமிக் கொன்' தொடங்கிற்று. தமிழ்நாட்டிற் சென்னையிலே 2024 பெப்ரவரியில், இந்தியக் கொமிக் கொன் அமைப்பினர் அந்நகருக்குரிய முதல் விழாவை நடத்தினர். ஆயினும் கல்முனைப் பிள்ளைக்குக் கொழும்பு என்பது ஓர் இரவு முழுவதும் பஸ்ஸிலிருந்து போகும் தூரம். புகையிரதம் ஏறுவதாயின் முதலில் மட்டக்களப்பு வரை 40 கிலோமீற்றர் செல்லவேண்டும். பையனுக்கு அது இயலும். பெண்பிள்ளைக்கு அது கனவு. ஆகவே எம் ஊரிலேயே ஒரு விழா வேண்டுமென்று இவர்கள் நினைத்ததை நாம் முழுமனத்தோடு ஆதரிக்கின்றோம். அதனாலேதான் குறைகளையும் சொல்கின்றோம்.

சென்ற ஆண்டு நடந்த முதற் சங்கடம் வாளினால் வந்தது.

'வன் பீஸ்' என்னும் தொடரிலே ஸோரோ என்றொரு வீரன் வருகின்றான். அவன் ஒரே வேளையில் மூன்று வாள் ஏந்துபவன். இரு கைகளில் இரண்டு, பற்களிடையே ஒன்று. அக்கரைப்பற்றுப் பக்கத்து மாணவன் ஒருவன் ஒரு மாதம் உழைத்து, பலகையிலே மூன்று வாள் செய்து, வெள்ளிச் சாயம் பூசி, கைப்பிடிக்குத் துணி சுற்றி, பார்ப்பவர் உண்மையென்று மயங்குமளவுக்கு முடித்திருந்தான். அவ்வளவு நன்றாகச் செய்ததே அவனுக்கு வினையாயிற்று. விழா முடிந்து மாலையில் மூன்றையும் பழைய சாரம் ஒன்றிற் சுற்றி பஸ்ஸில் ஏறினான். சாரத்தின் நுனியில் வெள்ளி நிறம் பளபளத்தது. பக்கத்திலிருந்தவர் அச்சமடைந்து நடத்துனரிடம் சொன்னார். வழியில் அவனை இறக்கி விசாரித்தார்கள். அவன் ஸோரோவைப் பற்றியும் மூன்று வாட்களின் பெயர்களைப் பற்றியும் விளக்கஞ் சொன்னான். அந்த விளக்கம் நிலைமையைச் சீராக்கவில்லை என்பதை நேயர்கள் ஊகிக்கலாம். அவனுடைய வாப்பா வந்து, பிறகு நாம் தொலைபேசியிற் பேசி, பலகையைத் தட்டிக் காட்டி, ஒருவாறு இரவு ஒன்பது மணிக்கு வீடு சேர்ந்தான்.

விசாரித்தவர்களை நாம் குறைகூற மாட்டோம். 2019 ஏப்ரலிலே நாட்டில் நடந்த கொடுமையையும், அதே வாரத்திற் சாய்ந்தமருதிலே நடந்ததையும் இப்பகுதியார் மறக்கவில்லை. அதன் பின் மாதக்கணக்காக ஒரு முஸ்லிம் வீட்டின் சமையற் கத்தியே பேச்சுக்குரிய பொருளாயிருந்தது. வெள்ளி பூசிய மூன்று வாட்களோடு ஒரு பதினேழு வயதுப் பையன் மாலை வேளையில் பஸ்ஸில் ஏறுவதன் பொருள் கொழும்பில் ஒன்று, தோக்கியோவில் ஒன்று, அக்கரைப்பற்று வீதியில் வேறொன்று. இதை அப்பிள்ளை உணராமை அவன் பிழையன்று. அவனுக்குப் பொறுப்பாயிருந்த நாம் உணராமைதான் பிழை.

இதற்கு மருந்து யப்பானியரிடமே இருக்கின்றது. கொமிக்கெட் விழாவுக்கு வீட்டிலிருந்தே வேடமணிந்து வருவதும், வேடத்தோடே வீடு திரும்புவதும் அங்கே விதியால் விலக்கப்பட்டுள்ளன. விழாவிடத்திலேயே உடை மாற்றும் அறை உண்டு. அங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். பொதுமக்களுக்குத் தொல்லை விளையாதிருக்க அவர்கள் கண்ட வழி அது. இங்கே அது இரு மடங்கு தேவை. ஆண்களுக்கொன்று, பெண்களுக்கொன்று என இரு அறைகளைப் பூட்டுடன் ஒதுக்குக. ஆயுத வடிவங்கள் யாவும் பலகையிலன்றி ரெஜிபோமிலும் மட்டையிலும் செய்யப்படுக. கழற்றிப் பூட்டத் தக்கனவாய் இருக்குக. வாயிலில் ஒரு மேசை போட்டு, ஒவ்வொன்றையும் பார்த்து நிறநாடா கட்டி விடுக. விழா முடிந்ததும் அவற்றை மண்டபத்திலேயே விட்டுச் சென்று, மறுநாள் முச்சக்கர வண்டி ஒன்றிற் சேர்த்து அவரவர் ஊர்ப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்குக. எல்லாவற்றுக்கும் முன்னதாகப் பொலிஸ் நிலையத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் விழாவின் நாள், இடம், தன்மை ஆகியவற்றைக் கூறி, ஒரு படத்தையும் இணைத்து, கடிதம் கொடுத்துவிடுக. அக்கடிதத்தை நாம் எழுதித் தருவோம். நாற்பத்தைந்து நிமிடம் பேசுவதிலும் இது பயன் தரும்.

நிற்க. இரண்டாவது சங்கடம் இதனினும் வருத்தந் தருவது.

மியாசாக்கியின் பழைய படம் ஒன்றுண்டு, 1989இல் வெளிவந்தது. கிகி என்னும் சிறுமி கறுப்புடை அணிந்து, தலையிலே பெரிய சிவப்பு நாடா கட்டி, துடைப்பத்தில் ஏறிப் பறந்து, வீடு வீடாகப் பொதிகளைக் கொண்டு சேர்ப்பாள். எம் மாணவி ஒருத்தி தன் கறுப்பு ஹபாயாவை அணிந்து, சிவப்பு முக்காடிட்டு, வீட்டுத் தும்புத்தடியைக் கையிலே பிடித்துக்கொண்டு மேடையேறினாள். செலவு, முக்காட்டுத் துணிக்குக் கொடுத்தது மட்டுமே. அவள் யாரென்று எவரும் கேட்கவில்லை, சபை முழுவதும் ஒரே குரலிற் "கிகி!" என்றது. தன் மார்க்கத்துக்கும் குடும்ப ஒழுக்கத்துக்கும் சிறிதும் பழுதின்றி, அதே வேளையில் பாத்திரத்தின் உயிரையும் பிடித்துக் காட்டிய அந்தப் பிள்ளையின் அறிவை நாம் இன்றும் வியக்கின்றோம். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் முஸ்லிம் பெண்கள் முக்காட்டையே பாத்திரத்தின் கூந்தலாகவும் முடியாகவும் வடிவமைத்து வேடமணிவதாகப் பின்னர் அறிந்தோம். எம் பிள்ளை அதை எவரிடமும் கற்கவில்லை.

பரிசு யாருக்குக் கிடைத்தது? சீன நிறுவனமொன்றின் ஆடையைப் பல்லாயிரம் ரூபா கொடுத்துத் தபாலில் வரவழைத்து அணிந்து வந்த ஒருவனுக்கு. நடுவர் மூவருள் நாமும் ஒருவர். எமது வாக்கு தோற்றது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் நாம் உரக்க வாதாடவில்லை.

பரிசு போனது பெரிதன்று. அவள் தும்புத்தடியோடு நின்ற காட்சியை யாரோ போனிற் பிடித்து, கீழே ஒரு கேலி வரியும் எழுதி, ஊரெல்லாம் அனுப்பிவிட்டனர். இரண்டு வாரம் அவள் வகுப்புக்கு வரவில்லை. வந்தபோதும் கடைசி வாங்கில் உட்கார்ந்தாள். இந்த ஆண்டு விழாவுக்கு அவள் வரப்போவதில்லை என்று பையன்கள் சொல்லக் கேட்டோம்.

நியூயோர்க் நகரத்துக் கொமிக் கொன் விழாவிலே 2014 முதல், வேடமணிந்து வந்தமை படம் பிடிப்பதற்கோ தொடுவதற்கோ சம்மதமாகாது என்னும் பொருள்படும் அறிவிப்புகளை வாயில்களிற் பெரிதாக வைத்தனர். அமெரிக்காவிலேயே அது தேவைப்பட்டதென்றால், ஒருவரை ஒருவர் குடும்பப் பெயரோடு அறிந்திருக்கும் எம் ஊரில் எவ்வளவு தேவை! மண்டபத்தினுள் எவரும் போனிற் படம் பிடித்தலாகாது. படம் பிடிப்பதற்கென ஒரு மூலையிலே திரை கட்டி, அங்கே விரும்பியவர் மட்டும் நிற்க, விழாக் குழுவின் ஒரே ஒரு படப்பிடிப்பாளர் எடுத்து, எடுத்ததை உரியவருக்கு மட்டுமே கொடுக்க வேண்டும். பெண்பிள்ளைகளின் பக்கத்துக்குப் பெண்ணொருவரே படப்பிடிப்பாளராயிருத்தல் நன்று. விதியை மீறுபவனை வெளியேற்றுவதற்குத் தயங்காத இரண்டு பெரிய மாணவர்களை வாயிலில் நிறுத்துக. அவன் குழுத் தலைவனின் மச்சானாயினும் வெளியேற்றுக. (சென்ற ஆண்டு அவ்வாறே ஆயிற்று என்று ஒரு வதந்தி.)

தாய்மாரையும் அழைக்க வேண்டும். சென்ற ஆண்டு உம்மாமார் சிலர் வாயிலுக்கு வெளியே மரநிழலில் நின்று, உள்ளே என்ன நடக்கின்றதென்று தெரியாமல், பிள்ளைகளைக் காத்திருந்தனர். உள்ளே ஒரு வரிசைக் கதிரை அவர்களுக்கெனப் போட்டிருந்தால், பாதி அச்சம் அவ்விடத்திலேயே தீர்ந்திருக்கும். லுஹர்த் தொழுகைக்கு இடைவேளை விட்டு, அஸருக்கு இடமொதுக்கி, மஃரிபுக்கு முன்னே எல்லாரும் வீடு சேரும்படி நிகழ்ச்சிகளை முடித்துவிடல் வேண்டும். நாள் குறிக்குமுன் ஒரே ஒரு கலண்டரை மட்டும் பார்த்தல் போதாது. நோன்பு மாதம், கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்ற நாட்கள், பாண்டிருப்புத் தீமிதிப்பு, கண்ணகி அம்மன் சடங்கு, பரீட்சைக் காலம் ஆகிய யாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். சென்ற ஆண்டு கச்சான் காற்று வீசும் காலத்து நண்பகலிலே, அஸ்பெஸ்டோஸ் கூரையின் கீழ், கறுத்தத் தடித்த மேலங்கி அணிந்து வந்த சிறுவன் ஒருவன் மயங்கி விழுந்தான். தண்ணீர்ப் பானையொன்று வைக்கவேண்டுமென்பதை யோசனையாக எழுதவும் எமக்கு நாணமாயிருக்கின்றது; ஆயினும் எழுதுகின்றோம். கணக்கையும் எழுதி ஒட்டிவிடுக. அனுமதிச் சீட்டுப் பணம் எங்கே போயிற்று என்னும் பேச்சு இன்றும் ஓயவில்லை.

வேடப் போட்டிக்கு வருவோம். விலைகொடுத்து வாங்கிய உடைக்கும் கையாற் செய்த உடைக்கும் ஒரே பரிசு வைத்தல் நீதியன்று. எங்கள் அண்ணாவிமாரின் வழக்கத்தைப் பாருங்கள். வடமோடிக் கூத்தின் அரசன் அணியும் கரப்புடுப்பையும் முடியையும் எவரும் கடையில் வாங்கியதில்லை. அவை ஊரிலேயே, ஊர்ப் பொருட்களாலேயே ஆக்கப்பட்டன. மாசக்கணக்காகக் கூத்துப் பழகி, கடைசியிலேதான் உடுப்பணிந்து களரியேறுவர். பேராசிரியர் வித்தியானந்தன் 1960களிலே இக்கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு புதுக்கி மேடையேற்றியபோது, படித்தவர் பலர் முதன்முறையாக அதன் அழகைக் கண்டனர். (நாற்பத்தைந்து நிமிடப் பேச்சு மீண்டும் தொடங்குகின்றதென்று நேயர் அஞ்ச வேண்டா, இத்தோடு நிறுத்துகின்றோம்.) நாம் சொல்ல வந்தது இதுதான்: கல்முனைக்கு வடக்கே, நடந்து போகும் தூரத்தில் மருதமுனை இருக்கின்றது. அங்கே கைத்தறி இன்றும் ஓடுகின்றது. யப்பானிய வீரர் அணியும் மேலங்கிக்கும் இடைக்கச்சைக்கும் வேண்டிய கோடும் கட்டமும் போட்ட துணி அத்தறிகளிலே கிடைக்கும். சொல்லிக் கொடுத்தால் வேண்டிய நிறத்திலும் நெய்வார்கள். மருதமுனைத் துணியில் உடை தைத்து வருபவருக்கென்று ஒரு தனிப் பரிசு வைத்துப் பார்க்கட்டும். நெசவாளர் ஒருவரையே நடுவராக அழைக்கட்டும். எம்மைவிட அவர் நன்றாகத் தீர்ப்பளிப்பார்.

மொழியைப் பற்றியும் ஒரு மனக்குறை உண்டு. சென்ற ஆண்டு நிகழ்ச்சி அறிவிப்பெல்லாம் ஆங்கிலம். இடையிடையே யப்பானியச் சொற்கள். வீட்டிலே வாய் ஓயாமல் தமிழ் பேசும் பிள்ளைகள் ஒலிவாங்கியைக் கண்டதும் தமிழை மறந்துவிட்டனர். கீழ்வகுப்புப் பிள்ளைகள் வினாவிடைப் போட்டியின் கேள்விகளையே விளங்கிக்கொள்ளாமல் விழித்தனர். இன்று யப்பானியப் படங்களே தமிழ் பேசுகின்றன. 2025 செப்ரெம்பரிலே 'டீமன் ஸ்லேயர்' படம் இந்தியத் திரையரங்குகளிலே தமிழ்க் குரலுடனும் வெளியாயிற்று. யப்பானிய வீரன் தமிழ் பேச, கல்முனைப் பிள்ளை தமிழ் பேச வெட்குவதா? ஐந்து நிமிடக் காட்சி ஒன்றை ஒலியில்லாமல் ஓடவிட்டு, பிள்ளைகளே எம்மூர்த் தமிழிற் குரல் கொடுக்கும் போட்டியொன்று வைத்தால், "மறுகா என்ன நடந்திச்சி?" என்று ஸோரோ கேட்பதைக் காண்பதற்கு நாமே சீட்டு வாங்கி வருவோம்.

இனி, எமது உள்ளத்தை உறுத்தும் செய்திக்கு வருகின்றோம்.

கொமிக்கெட் என்பது படம் பார்க்கும் விழாவன்று. வேட விழாவும் முதன்மையிலன்று. அது புத்தகச் சந்தை. தாமே வரைந்து, தாமே அச்சிட்டுக்கொண்டு வரும் சிறு நூல்களைப் பிள்ளைகளும் பெரியோரும் மேசை மேல் வைத்து விற்கின்றனர். அங்கே விற்பவர், வாங்குபவர், உழைப்பவர் எல்லாரையும் 'பங்குபற்றுவோர்' என்ற ஒரே பெயராலேயே குறிப்பர். வாடிக்கையாளர் என்று எவரும் இல்லை. எம் பிள்ளைகளின் விழாவிலோ மேசை இருந்தது. மேசையின் மேல் விற்பனைக்கு ரி.சேட்டும் சாவிக் கொத்தும் இருந்தன. பிள்ளைகள் தாமே ஆக்கிய பொருள் ஒன்றுகூட இல்லை.

இல்லை என்றது தவறு. ஒன்று இருந்தது, அதற்கு மேசை இருக்கவில்லை. விழா நாள் மாலை, சாய்ந்தமருதைச் சேர்ந்த எம் மாணவி, இப்போது எம் வீட்டுக்குத் தன் தாயோடு வந்திருக்கும் அதே பிள்ளை, மண்டபத்தின் பக்கவழியில் எம்மை நிறுத்தி, அப்பியாசக் கொப்பி ஒன்றைத் தந்தாள். "சேர், ஒருக்கா பாருங்க" என்றாள். பென்சிலாலே, கட்டங் கட்டமாக, யப்பானியப் பாணியில் வரைந்த சித்திரக் கதை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. அவளுடைய தாயாருக்கு அப்போது பத்தொன்பது வயது. தாயாரின் தம்பிக்கு ஆறு வயது. கதையிலே கடல் முதலில் ஒரு கோடாக வருகின்றது. அடுத்த கட்டத்திற் கோடு தடிக்கின்றது. பிறகு கட்டம் முழுவதும் கடல். தமக்கை தம்பியின் கையைப் பிடித்து ஓடுகின்றாள். அதற்கு அடுத்த பக்கம் வெறுமையாயிருந்தது. அதற்கடுத்த பக்கத்தில் தமக்கை மட்டும் ஒரு கூரையின் மேல் இருக்கின்றாள்.

"நடுப் பக்கம் ஏன் பிள்ளை வெறுமையா இருக்கு?" என்று கேட்டோம்.

"உம்மா அதச் சொல்ல மாட்டா சேர்."

அன்று அம்பாறை மாவட்டத்திலே மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். நாட்டில் வேறெந்த மாவட்டமும் அவ்வளவு பேரை இழக்கவில்லை. சுனாமி என்பது யப்பானியச் சொல். 'சு' என்றால் துறைமுகம், 'நாமி' என்றால் அலை. எம் ஊரார் யப்பானிய மொழியிலே கற்ற முதற் சொல் அதுதான். இப்பிள்ளைகள் அனிமே பார்த்துக் கற்ற சொற்கள் எல்லாம் அதற்குப் பின் வந்தவை.

யப்பானியரும் 2011 மார்ச் 11ஆந் திகதி அதே சொல்லினால் அழிந்தனர். இறந்தவரும் காணாமற்போனவருமாக ஏறத்தாழ 20,000 பேர். அதைப் பற்றி மகோதோ ஷின்காய் என்னும் இயக்குநர் 2022இல் 'சுசுமே' என்றொரு அனிமே எடுத்தார். அதிலே தாயை அலைக்குப் பறிகொடுத்த சிறுமி ஒருத்தி வளர்ந்து, தன் பழைய நாட்குறிப்பைத் திறந்து பார்க்கின்றாள். மார்ச் 11ஆந் திகதிப் பக்கம் முழுவதையும் அவள் சிறு வயதிற் கறுப்பு நிறத்தாலே தீட்டி மறைத்திருக்கின்றாள். அப்படத்தை எம் மாணவி பார்த்திருக்கின்றாளா என்று கேட்டோம். நான்கு தரம் பார்த்ததாகச் சொன்னாள். அந்தப் பிள்ளை கறுப்பாக்கினாள். இந்தப் பிள்ளை வெறுமையாக விட்டாள். பொம்மைப் படத்தினாற் பயன் என்ன என்று கேட்ட தந்தையாருக்கு, இக்கொப்பியை அன்றே காட்டியிருக்க வேண்டும். அன்று நாம் "நல்லா வரைஞ்சிருக்கிறாய்" என்று மட்டும் சொல்லிக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நன்றியுரைக்காக மேடைக்கு ஓடினோம்.

ஆகவே இவ்வாண்டு மண்டபத்தின் நடுவிலே, ரி.சேட் மேசைகளுக்கு முன்பாக, பிள்ளைகள் தாமே எழுதியும் வரைந்தும் கொண்டுவரும் கொப்பிகளுக்கென்று மேசைகள் போடப்பட வேண்டும். அச்சிடப் பணமில்லையாயின் போட்டோப் பிரதி போதும். கொமிக்கெட்டுக்கு வந்த பலரும் அவ்வாறு தொடங்கியவர்களே. சிவகாசியிலிருந்து வந்த முத்து கொமிக்ஸைத் தலையணைக்கடியில் ஒளித்துப் படித்த எமது தலைமுறை ஒரு பக்கமாவது வரைந்து பார்க்கவில்லை, இவர்கள் வரைகின்றனர். 'சுசுமே'யைத் திரையிடுவதாகவும் தாளில் எழுதியிருக்கின்றார்கள். அதற்கு உரியவரிடம் அனுமதி பெற்றுத் திரையிடுக. அன்றியும், யப்பானிலே அப்படத்தைக் காட்டியபோது, நிலநடுக்கக் காட்சியும் அபாய அறிவிப்பு ஒலியும் அதில் உண்டென்று பார்வையாளருக்கு முன்கூட்டியே அறிவித்தனர். இங்கும் அவ்வாறே தமிழிற் சொல்லி, எழுந்து செல்ல விரும்புவோர் செல்வதற்குக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். தாய்மார் வரிசையிலே யார் யார் இருப்பார்களோ, நாமறியோம்.

இவ்வளவையும் நாம் சொல்லச் சொல்ல, நிந்தவூர்ப் பையன் தாளின் பின்புறத்திற் குறித்துக்கொண்டான். இடம் போதாமற் போகவே எமது மேசையிலிருந்து வேறொரு தாளை எடுத்தான். "சேர், பேச்சு இல்லாட்டி நீங்க எத்தின மணிக்கு வருவீங்க?" என்று கேட்டான். காலை எட்டு மணிக்கு வந்து, வாயில் மேசையில் வாட்களுக்கு நாடா கட்டுவதாக ஒப்புக்கொண்டோம். கிகியாக வந்த பிள்ளையின் வீட்டுக்கு எமது மனைவியாரை அனுப்பிப் பேசிப் பார்ப்பதென்றும் முடிவாயிற்று.

அவர்கள் எழுந்தபோது, உள்ளே இருந்த தாயார் வாசல் நிலையருகே வந்து நின்றார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ, தெரியாது. மகளின் கையிலிருந்த பையைத் தாம் வாங்கிக்கொண்டு, "சேர், அந்தக் கொப்பி மேசை எந்தப் பக்கம் போடுவீங்க?" என்று கேட்டார்.

ஜன்னல் பக்கம், காற்று வரும் இடத்தில் என்றோம்.

"அப்ப பக்கத்தில ஒரு கதிர போடுங்க. நானும் வந்து இருக்கன்."